தொலைந்த விண்டோஸ் கீ எங்கே இருக்கும்?

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது எஸ்எஸ்டி வாங்கியாயிற்று, விண்டோஸ் மட்டும் மறுபடி போட வேண்டும். கையோடு ஒரு டைரியும் கொண்டுவந்திருந்தார். "கீயை அப்பவே எழுதி வெச்சிட்டேன் தம்பி, பாருங்க" என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அழகான கையெழுத்தில், ஐந்தைந்து எழுத்தாக நான்கு கட்டம். முதல் கட்டம் இரண்டு பூஜ்யத்தில் தொடங்கியது. நான்காவது கட்டத்தில் ஏ, ஏ, ஓ, இ, எம்.

கீ என்பது இது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் என்று காட்ட நாம் அடிக்க வேண்டிய எண். டைரியில் இருந்தது அது இல்லை, புராடக்ட் ஐடி. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்துக்குப் போனால் கம்ப்யூட்டரின் பெயர், ரேம் அளவு எல்லாவற்றோடும் சேர்ந்து தெரிகிற எண் அது. இது இன்ன வகை விண்டோஸ், இன்ன வழியில் விற்கப்பட்டது என்று அடையாளம் சொல்லும், அவ்வளவுதான். அதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் நிறையப் பேர் இதைத்தான் கீ என்று நம்பிப் பத்திரப்படுத்துகிறார்கள். பிரித்துப் பார்ப்பது சுலபம். உண்மையான கீயில் ஐந்து கட்டம், மொத்தம் 25 எழுத்து. அதில் பூஜ்யம் வரவே வராது, ஏ என்ற எழுத்தும் வராது. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அண்ணனின் முகம் வாடிவிட்டது. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் விண்டோஸ் சின்னம் போட்ட சின்ன ஸ்டிக்கர் மட்டும்தான், எண் எதுவும் இல்லை. பில்லிலும் இல்லை, அட்டைப்பெட்டியிலும் இல்லை. "அப்ப புதுசா வாங்கணுமா?" என்று கேட்டார்.

வாங்க வேண்டியதில்லை. அவர் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அந்த லேப்டாப்பை விட்டு எங்கேயும் போகவில்லை. செத்துப்போன டிஸ்க்கோடு அது சாகவும் இல்லை. ஆனால் அதே கேள்வியைப் பதினைந்து வருடம் பழைய டெஸ்க்டாப்போடு வேறொருவர் வந்து கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். விண்டோஸ் கீ தங்கும் இடம் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு: காகித ஸ்டிக்கர், டிஸ்க்கில் இருக்கும் ரெஜிஸ்ட்ரி, மதர்போர்டு, மைக்ரோசாஃப்ட்டின் சர்வர். ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் நம்முடையது இதில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் விண்டோஸை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

25 எழுத்தில் என்ன இருக்கிறது

விண்டோஸ் 95 காலத்துக் கீ வெறும் எண்தான். கடையில் தனி சிடியாக விற்றதற்கு மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழு இலக்கத்தையும் கூட்டினால் வரும் தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதுதான் முக்கியமான சோதனை. எல்லா இடத்திலும் ஒன்று ஒன்றாக அடித்தாலே போதும், ஏற்றுக்கொள்ளும். கீ தொலைந்தது என்று அன்று யாரும் அழுததில்லை.

விண்டோஸ் 98-ல் 25 எழுத்துக் கீ வந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதனுடன் ஆக்டிவேஷனும் சேர்ந்தது. கீயை அடித்தால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் இணையத்திலோ போனிலோ மைக்ரோசாஃப்ட்டிடம் பதிய வேண்டும். கீ தொலைவது ஒரு பிரச்சினையாக ஆனது அங்கிருந்துதான்.

அந்த 25 இடத்திலும் எந்த எழுத்து வேண்டுமானாலும் வந்துவிடாது. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் பத்து எண்ணும் சேர்ந்தால் 36 குறி. அதில் 24-ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் பி, சி, டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எம், பி (பேனாவில் வருவது), க்யூ, ஆர், டி (டீக்கடையில் வருவது), வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என 17. எண்ணில் 2, 3, 4, 6, 7, 8, 9 என ஏழு. உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை, அதனால் தற்செயலாகக்கூட ஒரு சொல் அமைந்துவிடாது. பூஜ்யமும் இல்லை, ஓவும் இல்லை. ஒன்றும் இல்லை, ஐயும் எல்லும் இல்லை. ஐந்தும் எஸ்ஸும் சேர்ந்தே போய்விட்டன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ஜோடிகளை முடிந்தவரை களைந்துவிட்ட பட்டியல் இது. விண்டோஸ் 8-லிருந்து என் என்ற எழுத்தும் சேர்ந்தது.

ஸ்டிக்கர் தேய்ந்துபோன பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் உண்மையிலேயே கைகொடுக்கும். வட்டமாக ஒரு எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? அது பூஜ்யமாக இருக்க வழியில்லை. டி அல்லது க்யூவாகத்தான் இருக்கும். ஐந்து மாதிரி தெரிந்தால் அது ஆறாக இருக்கலாம். எஸ் மாதிரி தெரிந்தால் எட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தைய ஸ்டிக்கரில் என் என்று படித்தால் அது எம் அல்லது எச். நிஜமாகவே குழப்புகிற ஜோடி இரண்டுதான் மிச்சம்: பியும் எட்டும், ஜியும் ஆறும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

படிக்கும் விதமும் முக்கியம். லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கர் மடியிலும் மேசையிலும் உரசி உரசி வெளுத்துவிடும். நேராக வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசைக்கு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் நாலைந்து கோணத்தில் படமெடுத்து, பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி இருள் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு படத்தில் தெரியும். ஒரே ஒரு எழுத்து முழுக்க அழிந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்த இடத்தில் 24 குறியில் ஒன்றுதான் வர முடியும். கீக்குள்ளேயே சரிபார்ப்புக்கான பகுதி ஒன்று இருப்பதால் தவறானதை அடித்த உடனே விண்டோஸ் மறுத்துவிடும். 24 முறை பொறுமையாக அடித்தால் வந்துவிடும். இரண்டு எழுத்து அழிந்திருந்தால் 576 முறை. அதற்கு மேல் போனால் விட்டுவிடுவது நல்லது. பேட்டரியைக் கழற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள். தேயாமல் இருக்கட்டும் என்று பேட்டரிக் குழிக்குள் ஸ்டிக்கரை ஒட்டிய மாடல்கள் உண்டு.

ரெஜிஸ்ட்ரிக்குள் ஒளிந்திருக்கும் எண்

ஸ்டிக்கரே இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அடுத்து பார்க்க வேண்டியது ரெஜிஸ்ட்ரி. விண்டோஸ் தன் கணக்குவழக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பேரேடு அது. அதில் 'டிஜிட்டல் புராடக்ட் ஐடி' என்ற பெயரில் 164 பைட் நீளமுள்ள ஒரு பதிவு இருக்கும். முதல் 52 பைட்டைத் தள்ளிவிட்டு அடுத்த 15 பைட்டை எடுத்தால், அதுதான் கீ. ஆனால் எழுத்தாகத் தெரியாது, ஒரு பெரிய எண்ணாகச் சுருக்கி வைத்திருப்பார்கள்.

இதை விரிப்பது நம் ஊர் நெல் கணக்கு மாதிரிதான். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஊருக்கு ஊர் அளவு மாறும், கணக்குக்காக இதை எடுத்துக்கொள்வோம்.) களத்தில் 500 படி நெல் இருக்கிறது என்றால் எத்தனை கலம்? 500-ஐ எட்டால் வகுத்தால் 62 மரக்கால், மீதி 4 படி. 62-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 5 கலம், மீதி 2 மரக்கால். ஆக 5 கலம், 2 மரக்கால், 4 படி. கடைசி அளவு முதலில் கிடைக்கும், பெரிய அளவு கடைசியில் கிடைக்கும்.

கீயிலும் இதே வேலைதான். 15 பைட்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் 35 இலக்கம் வரை போகும். அதை 24-ஆல் வகுத்து, மீதி என்னவோ அந்த வரிசையில் இருக்கும் எழுத்தை மேலே சொன்ன பட்டியலிலிருந்து எடுத்தால் கீயின் கடைசி எழுத்து கிடைக்கும். ஈவை மறுபடி 24-ஆல் வகுத்தால் அதற்கு முந்தைய எழுத்து. இப்படி 25 முறை. கீ எடுத்துத் தரும் மென்பொருள்கள் என்று உலவுகிறவை எல்லாம் பின்னால் இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன. நிர்சாஃப்ட்டின் புரொடியூகீ, மேஜிக்கல் ஜெல்லி பீன் கீஃபைண்டர், பெலார்க் அட்வைசர் போன்றவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. இவற்றை அதை எழுதியவரின் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். கீயைப் பதறிப்போய்த் தேடுகிறவர்களைக் குறிவைத்தே இதே பெயரில் வைரஸை ஏற்றி வைத்திருப்பார்கள். சரியான இடத்திலிருந்து எடுத்தாலும் ஆன்டிவைரஸ் கத்தக்கூடும், ஏனென்றால் கீயைத் திருடுகிறவனும் இதே கருவியைத்தான் கையில் எடுப்பான்.

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்றால் அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சாஃப்ட்வேர் என்ற பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதி முழுவதும் அந்த ஒரு ஃபைலில்தான். ஃபார்மட் அடிக்காமல் பழையதன் மேலேயே விண்டோஸைப் போட்டுவிட்டீர்களா? அப்போதும் பழையது 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரில் சில நாள் கிடக்கும். அப்கிரேடு செய்த பிறகு பத்து நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

நான் ஏமாந்த இடம்

2009-ல் என்னிடம் எக்ஸ்பி போட்டே வந்த ஒரு லேப்டாப் இருந்தது. வைரஸ் தொல்லை தாங்காமல் ஃபார்மட் அடிக்க முடிவு செய்தேன். முன்யோசனையோடு கீஃபைண்டரை ஓட்டி, 25 எழுத்தையும் தாளில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்தேன். விண்டோஸை மீட்பதற்காக டிஸ்க்கில் நிறுவனம் ஒதுக்கி வைத்திருந்த ரெக்கவரி பார்ட்டிஷனை இடம் வீணாகிறது என்று அதையும் சேர்த்து அழித்தேன். நண்பனின் எக்ஸ்பி சிடியைப் போட்டு, எழுதி வைத்ததை அடித்தேன். கீ தவறு என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி தவறு. மூன்று நாள் அந்தத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளில் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. அது என் கீயே இல்லை என்பதுதான் விஷயம். பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் விண்டோஸ் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கீ அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு நிறுவனத்துக்கு, ஒரு பதிப்புக்கு, ஒரே கீ என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. அந்தக் கீயை ஏற்றுக்கொள்ளும் விண்டோஸ் அந்த நிறுவனத்தின் சிடியிலிருந்து வந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அந்த நிறுவனத்தின் அடையாளம் இருக்கிறதா என்று அந்த விண்டோஸ் பார்த்து, இருந்தால் இணையமே இல்லாமல் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இந்த ஏற்பாட்டை எஸ்எல்பி என்பார்கள். என் லேப்டாப்பின் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது அந்தப் பொதுக் கீ. எனக்கென்று கொடுத்த கீ அடியில் ஸ்டிக்கரில் இருந்தது, அது பாதி தேய்ந்திருந்தது. மேலே சொன்ன டார்ச் வித்தையை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சர்வீஸ் சென்டரில் கேட்டு அவர்களுடைய சிடி வாங்கி, ஸ்டிக்கர் கீயை அடித்து, போனில் எண்களைப் படித்துக் காட்டி ஆக்டிவேட் செய்தேன்.

விண்டோஸ் 7 வரைக்கும் இதே கதைதான். நிறுவன லேப்டாப்பில் கீஃபைண்டர் காட்டுவது பொதுக் கீ, ஸ்டிக்கரில் இருப்பது சொந்தக் கீ. ஆகவே அந்தக் காலத்துப் பெட்டி எதுவாக இருந்தாலும், கருவி காட்டும் கீயும் ஸ்டிக்கரும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்டிக்கரை நம்புங்கள். அலுவலகம், கல்லூரி போன்ற இடங்களுக்குக் கொடுக்கும் வால்யூம் லைசென்ஸ் என்றால் இன்னொரு விதம். கீ ரெஜிஸ்ட்ரியிலிருந்து துடைக்கப்பட்டிருக்கும், கருவியில் பி பி பி என்று 25 பி மட்டும் வரும். அதை மீட்க முடியாது, அங்கே இருக்கும் சிஸ்டம் நிர்வாகியைத்தான் கேட்க வேண்டும்.

மதர்போர்டில் எழுதிய கீ

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது இந்தப் பொதுக் கீ ஏற்பாடு மாறியது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கீ, அதுவும் தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் ஃபர்ம்வேரில், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில், எழுதப்பட்டுவிடும். ஸ்டிக்கரில் கீ அச்சடிக்க வேண்டிய தேவை போயிற்று. அண்ணனின் லேப்டாப்பில் எண் இல்லாத ஸ்டிக்கர் இருந்தது அதனால்தான்.

கீ எழுதியிருக்கும் இடத்துக்கு எம்எஸ்டிஎம் என்று பெயர். மொத்தமே 85 பைட் உள்ள சின்ன அட்டவணை அது. கடைசி 29 பைட்டில் கீ இருக்கிறது: 25 எழுத்து, நடுவே நான்கு கோடு. சுருக்கமும் இல்லை, பூட்டும் இல்லை, பச்சையாகப் படிக்கலாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், கட்டளைகளை அடிக்கும் பவர்ஷெல்லைத் திறந்து 'சாஃப்ட்வேர் லைசென்சிங் சர்வீஸ்' என்ற பகுதியிடம் 'ஓஏ3எக்ஸ் ஒரிஜினல் புராடக்ட் கீ' என்ற மதிப்பைக் கேட்டால் போதும். முன்பு இதற்கு டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளையைச் சொல்வார்கள். புதிய விண்டோஸ் 11-ல் அதை நீக்கி வருவதால் பவர்ஷெல் வழியே போவது நல்லது.

அண்ணனுடையதில் டிஸ்க்கே இல்லை. அதனால் பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸைப் போட்டு பூட் செய்தேன். சிஸ், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, டேபிள்ஸ் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் எம்எஸ்டிஎம் என்ற பெயரிலேயே அந்த அட்டவணை நின்றது. நிர்வாகி அனுமதியோடு திறந்ததும் முன்னால் சில புரியாத குறிகள், கடைசியில் ஐந்தைந்தாக 25 எழுத்து. அண்ணன் திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பூஜ்யம் இல்லை, ஏ இல்லை.

உண்மையில் அந்தக் கீயைப் படிக்காமலே வேலை முடிந்திருக்கும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவை மாட்டினால் அதுவே ஃபர்ம்வேரைப் பார்த்து, எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொண்டு, கீ கேட்காமலே போய்விடும். நம் நாட்டில் விற்கும் வீட்டு லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு. யாராவது அதன் மேல் 'புரோ' போட்டுக் கொடுத்தால் உங்கள் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. கடையில் கொடுக்கும்போது பதிப்பின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

எம்எஸ்டிஎம் அட்டவணையே இல்லையென்றால்? விலை குறையும் என்று டாஸ் அல்லது லினக்ஸோடு விற்ற மாடலாக இருக்கலாம், அல்லது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப்பாக இருக்கலாம். அப்போது அந்த மதர்போர்டில் தேட எதுவும் இல்லை. சர்வீஸில் மதர்போர்டை மாற்றியிருந்தாலும் பழைய கீ பழைய போர்டோடு போயிருக்கும். வாரன்டியில் மாற்றித் தரும்போது புதுப் போர்டில் கீயை எழுதித் தந்தார்களா என்று அப்போதே கேட்டு வாங்குவது நம் உரிமை.

கீயே இல்லாத லைசென்ஸ்

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவச அப்கிரேடு. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் புதுக் கீ யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. பழைய விண்டோஸ் முறையானதா என்று பார்த்து, அந்தக் கம்ப்யூட்டரின் வன்பொருளிலிருந்து ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு, 'இந்தப் பெட்டிக்கு இந்தப் பதிப்பு உண்டு' என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் பதிந்துகொண்டது. இதுதான் டிஜிட்டல் லைசென்ஸ். அடுத்த முறை அதே பெட்டியில் அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால், சர்வரே பார்த்து ஆக்டிவேட் செய்துவிடும். நிறுவும்போது கீ கேட்டால், கீழே 'என்னிடம் புராடக்ட் கீ இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டிவிட்டு மேலே போக வேண்டியதுதான்.

இங்கேதான் கீஃபைண்டர் மறுபடி ஆளை ஏமாற்றும். கீ இல்லாத லைசென்ஸ் என்றாலும் விண்டோஸின் உள்ளே அந்த 25 எழுத்து இடத்தை ஏதாவது ஒன்று நிரப்ப வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பொதுக் கீ வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் புரோ பதிப்பில் கீ எடுத்தால் கடைசிக் கட்டம் 3, வி, 6, 6, டி (டீக்கடையில் வருவது) என்று முடியும். ஹோம் பதிப்பில் 8, எச், வி, எக்ஸ், 7. இதே கீதான் உலகம் முழுக்க எண்ணற்ற கம்ப்யூட்டர்களில். இதை எழுதி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, இதைக் கொண்டுபோய் இன்னொரு கம்ப்யூட்டரில் அடித்தாலும் ஆக்டிவேட் ஆகாது. கீ எடுத்துப் பார்த்தபோது இந்த முடிவு வந்தால், உங்கள் லைசென்ஸ் சர்வரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் வந்த ஆனிவர்சரி அப்டேட்டில் இந்த லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கும் வசதி வந்தது. டிஸ்க்கை, ரேமை மாற்றினால் பொதுவாகச் சிக்கல் வராது. மதர்போர்டு மாறினால் சர்வருக்கு அது வேறு பெட்டியாகத் தெரியும். கணக்கோடு இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற வழியாக உள்ளே போய்ப் பழைய பெட்டியின் லைசென்ஸைக் கேட்கலாம். அதுவும் தனியாகக் கடையில் வாங்கிய ரீடெயில் லைசென்ஸுக்குத்தான் உறுதி. லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடே முடிவது.

இன்னொரு தேதியையும் சொல்ல வேண்டும். இலவச அப்கிரேடு 2016 ஜூலையில் முடிந்ததாக அறிவித்தாலும், விண்டோஸ் 7, 8 கீயை அடித்தால் விண்டோஸ் 10 ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. பல கடைக்காரர்கள் ஸ்டிக்கர் கீயை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். 2023 செப்டம்பரில் அந்தக் கதவை மைக்ரோசாஃப்ட் மூடியது. அதற்கு முன்பே ஆக்டிவேட் ஆன பெட்டிக்குப் பாதிப்பில்லை, சர்வரில் பெயர் ஏறிவிட்டது. இதுவரை விண்டோஸ் 7-லேயே இருக்கும் பெட்டியின் ஸ்டிக்கரை நம்பி இப்போது விண்டோஸ் 10 போடாதீர்கள்.

சரி, நம்முடையது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்ப்யூட்டர் ஓடும்போதே கீபோர்டில் விண்டோஸ் சின்னம் போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, டி, எல், ஐ என்று அடியுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ரீடெயில், ஓஇஎம், வால்யூம் என்று மூன்றில் ஒன்று இருக்கும், கீயின் கடைசி ஐந்து எழுத்தும் இருக்கும். வால்யூம் என்ற சொல்லோடு கேஎம்எஸ் கிளையன்ட் என்று ஒட்டியிருந்து, அது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தால், உண்மையான லைசென்ஸ் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அலுவலக சர்வரிடம் 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய முறை அது. வீட்டில் அப்படி ஓடுகிறதென்றால் யாரோ போலி சர்வரைக் காட்டி ஓட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், வாங்கியவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. மீட்பதற்கு அங்கே கீ எதுவும் கிடையாது.

விண்டோஸோடு மற்றதையும் பார்த்துவிட வேண்டும். ஆஃபீஸ் 2010 வரை கீ ரெஜிஸ்ட்ரியில் முழுதாக இருந்தது, விண்டோஸ் கீ மாதிரியே எடுக்கலாம். 2013-லிருந்து கடைசி ஐந்து எழுத்தை மட்டும்தான் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறது. மீதி 20 எழுத்தை எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. கீயை ஒருமுறை பதிந்ததும் அது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏறிவிடும், அப்புறம் அந்தக் கணக்குதான் எல்லாமே. கடையில் கணக்கு எழுத டேலி மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் அதன் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு அடிப்பது நல்லது. புதிதாகப் போட்டதும் அதே சீரியல் எண்ணில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணனின் லேப்டாப்பில் விண்டோஸ் ஏறி முடிய அரை மணி நேரம் ஆகவில்லை. வைஃபையில் இணைத்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸில் இயங்குவதாக வந்துவிட்டது. ஆஃபீஸ்தான் இழுத்தது. லேப்டாப்போடு வந்த ஆஃபீஸை எந்தக் கணக்கில் ஏற்றினார் என்று அவருக்கு நினைவில்லை. வாங்கிய அன்று அவர் மகன்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து கொடுத்திருந்தான், இப்போது கோயம்புத்தூரில் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து அவன் போனை எடுத்த பிறகு, அவன் எண்ணுக்கு வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்ல அடித்து, ஒன்பது மணி வாக்கில் வேர்டு திறந்தது. அண்ணன் டைரியில் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. நான்கு கட்டத்துக்கு மேலே 'இது கீ இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே மதர்போர்டில் படித்த 25 எழுத்தையும், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்பதையும், மகன் உருவாக்கிய ஈமெயில் முகவரியையும், எந்த எண்ணுக்கு ஓடிபி வரும் என்பதையும் வரிசையாக எழுதிக்கொண்டார்.